மேசையிலிருந்து மறைந்த கம்பி



சென்ற ஆண்டு மார்கழியில் ஓர் இரவு, தண்ணீர் அருந்துவதற்காக எழுந்த நான், எங்கள் வீட்டுக் கூடத்தின் குறுக்கே கிடந்த ஒரு கம்பியில் கால் தடுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு எலும்பு விரிசல் கண்டது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருக்க நேர்ந்தது. அந்தக் கம்பி என் பேரனுடையது. ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அவன், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் ஒன்றை வைத்திருக்கின்றான். கையிற் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில் பாட்டரி ஆட்டத்தின் நடுவே தீர்ந்துபோகவே, எதிர்ச்சுவரிலிருந்து கம்பியை இழுத்து மாட்டி ஆடியிருக்கின்றான். ஆடி முடித்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு உறங்கப் போய்விட்டான். மறுநாட் காலையில் என் மகன் விளையாட்டுப் பெட்டியையே கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டான். பையன் ஒரு வாரம் வரையில் என் கட்டுப்போட்ட கையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பள்ளியில் நான் பணிபுரிந்த காலமெல்லாம், வகுப்பறையிற் கண்ட பம்பரங்களையும் கோலிகளையும் பறித்து மேசை இழுப்பறையில் இட்டுப் பூட்டியவன் நான். ஆண்டிறுதியில் திருப்பித் தருவதாகச் சொல்லித் தராமலே மறந்தவையும் உண்டு. ஓய்வு பெற்ற நாளில் இழுப்பறையை ஒழித்தபோது, ஆணி துருப்பிடித்த பம்பரங்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் எல்லாரும் பிள்ளை குட்டி பெற்றவர்களாகிவிட்டார்கள். அந்த நினைவு என்னை உறுத்தியது. குற்றம் விளையாட்டிலா, கம்பியிலா என்று எண்ணிப் பார்த்தேன். கைதான் கட்டில் இருந்தது, கண்ணுக்குக் கட்டில்லை. அந்த ஆறு வாரத்தையும் இந்தக் கம்பியின் வரலாற்றைப் படிப்பதிற் கழித்தேன்.

வீட்டுக்குள் மின் விளையாட்டு நுழைந்தபோதே கம்பியும் உடன் நுழைந்தது. ரால்ப் பேயர் என்பவர் 1922 ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சிய அவர் குடும்பம் 1938 இல் அமெரிக்காவிற் குடியேறியது. பொறியியல் வல்லுநரான அவர், வீடுதோறும் இருக்கும் தொலைக்காட்சியை வெறுமனே பார்த்துக்கொண்டிராமல் அதில் விளையாடவும் கூடாதா என்று எண்ணி, 1966 செப்டம்பர் முதல் நாளில் தம் கருத்தை நான்கு பக்கங்களில் எழுதி வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1972 இல் மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஒடிசி’ என்னும் கருவி. திரையில் தோன்றியவை சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடுமே, ஒலி இல்லை, வண்ணம் இல்லை. வண்ணம் வேண்டுமானால் பெட்டியோடு தந்த பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சியின் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்தால் சீட்டுகள், பகடைகள், காகிதப் பணம், வில்லைகள், கைப்பிடி இரண்டிலிருந்தும் வரும் தடித்த கம்பிகள், தொலைக்காட்சியின் ஏரியல் முனையோடு இணைக்கும் மற்றொரு கம்பி! ஆடி முடித்தபின் கூடத்தை ஒழுங்குசெய்யத் தனியே ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கும்.

என் இளமையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடுவோம். கரித்துண்டால் கட்டம் கீறி, ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டைகளை உருட்டுவோம். பாட்டி வந்து “போதும், எழுந்திருங்கள்” என்றால், ஈரத்துணியால் ஒரு துடைப்பு. கொட்டைகள் தகர டப்பாவுக்குள். ஆட்டம் நடந்த சுவடே இராது. விளையாட்டு முடிந்தவுடன் இடம் வீட்டுக்குத் திரும்பிவிடும் அந்த எளிமையை, மின் விளையாட்டு மீட்டுக்கொள்ள ஐம்பது ஆண்டு ஆயிற்று என்பதே நான் சொல்ல வந்த கதை.

முதலில் ஒழுங்கைப் பற்றிச் சிந்தித்தவர்களில் ஜப்பானியரைச் சொல்ல வேண்டும். 1889 இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1983 ஜூலையில் ‘பேமிகாம்’ என்னும் ஆட்டக் கருவியை வெளியிட்டது. அதன் இரு பக்கங்களிலும் கைப்பிடிகளை நிறுத்தி வைப்பதற்கென்றே பள்ளங்கள் அமைத்திருந்தார்கள். கம்பி குட்டையானது, கருவியோடு பிரிக்கமுடியாதபடி இணைந்தது. சிறிய வீடுகளில் வாழ்பவர்களின் அறிவு அதில் தெரிகின்றது. ஆனால் கம்பி குட்டையாக இருந்தால் பிள்ளை திரைக்கு அருகே போய் அமரவேண்டும். நீளமாக இருந்தால் நடப்பவர் காலைத் தடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தீர்வு கிடைக்கவில்லை.

கம்பியையே ஒழிக்கும் முயற்சிகளும் நடந்தன. அவற்றுள் நன்கு வெற்றி கண்டது 2002 இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘வேவ்பேர்ட்’. வானொலி அலையால் இயங்கிய அந்தக் கைப்பிடிக்கு எதிரே ஆள் நடந்தாலும் தடையில்லை. ஆயினும் அதற்கு இரண்டு பாட்டரிகள் வேண்டும். அவை விரைவில் தீர்ந்துவிடக் கூடாதென்று, மற்றக் கைப்பிடிகளில் இருந்த அதிர்வு வசதியை இதில் நீக்கிவிட்டார்கள். 2005, 2006 இல் வந்த பெரிய ஆட்டக் கருவிகள் எல்லாவற்றுக்கும் கம்பியில்லாக் கைப்பிடிகள் இருந்தன. கையிலிருந்து பெட்டிக்குச் செல்லும் செய்திக்குக் கம்பி போயிற்று; கைப்பிடிக்கு ஊட்டும் உணவுக்குக் கம்பி போகவில்லை. என்னைத் தடுக்கி விழச் செய்தது அந்த உணவுக் கம்பியே.

செய்தி எளிதாக வானில் வர, ஆற்றல் ஏன் வரவில்லை? இதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியே விளக்கும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், மாணவர்களைக் கொண்டு ஒரு படிக வானொலி செய்வேன். ஒரு கம்பிச்சுருள், ஒரு ஜெர்மானியம் டயோடு, மரத்தில் கட்டிய நீண்ட ஏரியல், பூமியில் புதைத்த கம்பி, காதில் வைக்கும் கேட்பி, அவ்வளவே. பாட்டரி கிடையாது. நிலையத்திலிருந்து வரும் அலையின் ஆற்றலே கேட்பியை ஒலிக்கச் செய்யும். “மின்சாரமே இல்லாமல் பாடுகிறதே, சார்!” என்று பிள்ளைகள் வியப்பார்கள். மின்சாரம் இல்லாமல் அன்று. காற்றுவெளி வழியே வந்த மின்சாரத்தால். ஆனால் பல கிலோவாட் ஆற்றலை நிலையம் எத்திசையிலும் வாரி இறைக்க, எங்கள் ஏரியலிற் சிக்கியது ஒரு காதுக்கு முணுமுணுக்கப் போதுமான துளி. செய்திக்குத் துளி போதும். பாட்டரியை நிரப்ப அது போதாது.

கம்பியின்றி ஆற்றலைக் கடத்தும் வழியின் வேர் 1831 ஆகஸ்டு 29 ஆம் நாளில் இருக்கின்றது. கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, தாம் கட்டிய புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியான மைக்கேல் பாரடே, லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தில் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே செம்புக்கம்பிச் சுருள் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், அதைத் தொடாத மற்றச் சுருளில் மின்னோட்டம் தோன்றிக் காந்த ஊசியை அசைத்தது. பின் ஊசி ஓய்ந்துவிட்டது. இணைப்பை எடுத்த கணத்தில் மறுபடியும் அசைந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் எதையும் செய்யவில்லை; மாறுகின்ற மின்னோட்டமே மற்றதில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. இன்று கைபேசியை வைத்தவுடன் மின்னேற்றும் தட்டிலும் நடப்பது இதுவே. தட்டுக்குள் ஒரு சுருள், கைபேசியின் முதுகில் ஒரு சுருள். தட்டிலுள்ள மின்னோட்டம் நொடிக்கு நூறாயிரம் தடவைக்கு மேல் திசைமாறுகின்றது. பாரடே கையால் இணைத்துப் பிரித்ததை மின்னணுச் சுற்று செய்கின்றது.

பாரடேயின் சுருள்கள் ஒரே வளையத்தில் இருந்தன. அவற்றைத் தொலைவிற் பிரித்துவைக்கக் கனவு கண்டவர் நிக்கோலா டெஸ்லா. 1891 மே 20 ஆம் நாள் நியூயார்க்கில் கொலம்பியா கல்லூரியில் அவர் ஆற்றிய உரையின்போது, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, எந்தக் கம்பியும் தொடாத கண்ணாடிக் குழாய்கள் அவர் கையில் ஒளிர்ந்தன. அவையோர் அதை மாயவித்தைபோற் கண்டார்கள். அந்த வியப்பு டெஸ்லாவையும் பற்றிக்கொண்டது என்றே கருதுகின்றேன். அறைக்குள் நடந்ததை உலகளவில் நடத்த எண்ணி, 1901 இல் லாங் ஐலண்டில் வார்டன்கிளிப் என்னுமிடத்தில் ஏறத்தாழ 187 அடி உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். செல்வர் ஜே. பி. மார்கன் 1,50,000 டாலர் தந்தார். பூமியையே கடத்தியாக்கிச் செய்தியையும் ஆற்றலையும் எங்கும் அனுப்புவது டெஸ்லாவின் எண்ணம். அதே ஆண்டு டிசம்பரில் மார்கோனி, மிக எளிய கருவிகளைக் கொண்டே அட்லாண்டிக் கடலைக் கடந்து செய்தி அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். கோபுரம் பயன்படாமலே நின்று, ஓட்டல் கடனுக்காகக் கைமாறி, 1917 இல் பழைய இரும்புக்காக இடிக்கப்பட்டது. டெஸ்லா 1943 ஜனவரியில் நியூயார்க்கில் ஓர் ஓட்டல் அறையிலே தனியராக இறந்தார்.

நூறாண்டுக்குப் பிறகு அதே ஆசையை அறையளவில் எடுத்துக்கொண்டவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் மாரின் சோல்யாசிச். மின்னேற்ற மறந்த கைபேசி நள்ளிரவில் கூவி எழுப்பியதே தம் ஆய்வுக்குத் தூண்டுதல் என்று அவர் கூறியதுண்டு. (நான் கம்பியில் விழுந்து படிக்கலானேன்; அவர் தூக்கம் கெட்டு ஆராயலானார்!) ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் சிறு விசையும் பெரிய வீச்சாவதுபோல, ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவித்த இரு சுருள்களைக் கொண்டு, 2007 இல் அவர் குழுவினர் இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒரு 60 வாட் விளக்கை எரியவைத்தார்கள். சென்று சேர்ந்த ஆற்றல் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு. எஞ்சியது வழியிற் போயிற்று.

வீட்டுக்கு வந்தது இதனினும் பணிவான ஏற்பாடு. 2008 இல் பல நிறுவனங்கள் கூடி ஒரு கூட்டமைப்பு அமைத்து, ‘சீ’ என்னும் பொது அளவுமுறையை வகுத்தன. அது உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல். கோபுரமும் இல்லை, இரண்டு மீட்டரும் இல்லை; சில மில்லிமீட்டர் தொலைவுதான். சுருளும் சுருளும் நேருக்கு நேர் அமைந்தாலன்றி ஆற்றல் ஏறாது. இந்தக் கட்டுப்பாட்டை மீற முயன்றவர்களும் உண்டு. எந்த இடத்தில் எதை வைத்தாலும் ஏறும் தட்டு ஒன்றை ஆப்பிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் அறிவித்தது. தான் வைத்த தரத்தை அது எட்டவில்லையென்று 2019 மார்ச்சில் கைவிட்டது. 2017 இலேயே லாஜிடெக் நிறுவனம், மவுஸ் தன்மேல் ஓடும்போதே அதற்கு மின்னேற்றும் விரிப்பைக் கொண்டுவந்தது. ஆடிக்கொண்டே இருக்கலாம்; கம்பி மாட்ட வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்த பின், என் மகனிடம் பேசிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் செய்தேன். “சரிங்க அப்பா, ஆனால் கூடத்தில் இனி ஒரு கம்பி கிடக்கக் கூடாது” என்றான். நானும் பேரனுமாகக் கூடத்தின் மூலையில் ஒரு சிறு மேசை இட்டோம். மேசைமேல் தொலைக்காட்சி, அதன் பின்னே ஆட்டப் பெட்டி, முன்னே ஒரு மின்னேற்றுத் தட்டு, பக்கத்தில் கைப்பிடி நிற்கும் தாங்கி. வேறொன்றும் வைப்பதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம். கைபேசியும் ஹெட்போன் பெட்டியும் தட்டில் மாறிமாறி அமரும். எங்கள் கைப்பிடிக்கோ ‘சீ’ வசதி இல்லை. தாங்கியில் வைத்தால் உலோக முனைகள் தொட்டு ஏறும். கடைக்காரர் இதையும் வயர்லெஸ் என்றே சொல்லி விற்றார், பாரடே ஒப்பமாட்டார்.

கம்பிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். தொலைக்காட்சிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, இரண்டையும் இணைப்பது ஒன்று, தட்டுக்கு ஒன்று, தாங்கிக்கு ஒன்று: ஐந்து. “குறையவே இல்லையே, தாத்தா!” என்றான். உண்மைதான். முன்பு தரையிற் கிடந்தவை இப்போது மேசையின் பின்புறம் ஒரு மரச்சட்டத்தில் ஒதுங்கி, காற்றோட்டம் உள்ள இடத்தில் வைத்த ஒரே ஜங்ஷன் பாக்ஸில் முடிகின்றன. தட்டில் கைபேசி சற்றே சுடுவதையும் தொட்டுக் காட்டினேன். நூறு பங்கு செலுத்தினால் எழுபது எண்பது பங்கே உள்ளே போகின்றது, மீதி வெப்பமாகின்றது. கம்பியில் அந்த இழப்பு குறைவு. ஆதலால் இரவில் நீண்ட நேரம் ஏற்றுவதற்குக் கம்பியையே பயன்படுத்துவது என்றும், நாணயம், சாவி போன்ற உலோகப் பொருள்களைத் தட்டின்மேல் வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம். நல்ல தட்டுகள் அவற்றை அறிந்து தாமே நின்றுவிடும். மலிவானவற்றை நம்ப இயலாது.

முதல் நாள் நானே என் கைபேசியைத் தட்டில் வைத்துவிட்டு உணவருந்தச் சென்றேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பங்கும் ஏறவில்லை. ஓரங்குலம் விலகி வைத்திருக்கின்றேன். பேரன் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலெடுத்து, வெள்ளைத்தாளில் ஒரு சிறு வட்டம் வெட்டித் தட்டின் நடுவே ஒட்டினான். “இதுக்கு நேரா வைங்க, தாத்தா” என்றான். அந்த வட்டத்தின் ஓரம் இப்போது சற்றே அழுக்கேறியிருக்கின்றது. இன்னும் அதைப் பார்த்துத்தான் வைக்கின்றேன்.