ஓர்ஃபோர்டு தேவாலயமும் சுமிதகவா நாடகத்தின் ஆங்கில வடிவமும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில் அமைந்த சிற்றூர் ஓர்ஃபோர்டு. ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெருங்கட்டடங்கள் இரண்டு அங்கு உள்ளன. ஒன்று இரண்டாம் ஹென்றி மன்னன் 1165க்கும் 1173க்கும் இடையில் எழுப்பிய கோட்டை. மற்றொன்று ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கப்பெற்ற புனித பர்த்தலோமேயு தேவாலயம். அன்று ஓர்ஃபோர்டு ஒரு துறைமுகம். கடலலை குவித்த கூழாங்கல் திட்டு நீண்டு வளர்ந்து துறையை மறைத்துவிட, வணிகம் நலிந்தது, தேவாலயம் எஞ்சியது. அதன் பழைய பலிபீடப் பகுதி இன்று கூரையற்ற தூண்வரிசையாக நிற்கிறது. அகன்ற நடுக்கூடம் 14ஆம் நூற்றாண்டினது. கோபுரத்தின் ஒரு பகுதி 1830இல் இடிந்து விழுந்தது.

இக்கட்டடத்திற்கு இசைவரலாற்றில் இடம் தேடித்தந்தது, அருகிலுள்ள ஆல்ட்பரோவில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென் முதலியோர் 1948இல் தொடங்கிய விழா. ஆல்ட்பரோவின் அரங்கு சிறியது. எனவே சுற்றுவட்டாரத் தேவாலயங்கள் கச்சேரிக்கு வேண்டப்பட்டன. 1958 ஜூன் 18 அன்று பிரிட்டெனின் 'நோயாவின் வெள்ளம்' ஓர்ஃபோர்டில் அரங்கேறியது. செஸ்டர் நகரில் தண்ணீர் சுமப்போர் குழுவினர் நடித்துவந்த இடைக்கால நாடகமே அதன் பாடம். சஃபோக் பள்ளிப் பிள்ளைகள் விலங்குகளாக நடித்தனர். கட்டித் தொங்கவிட்ட தேநீர்க் குவளைகளைத் தட்டி மழைத்துளியின் ஓசை எழுப்பப்பட்டது. தலைப்பின் பழைய எழுத்துக்கூட்டலையும் பிரிட்டென் புதுக்கவில்லை. இப்படைப்பைத் தேவாலயம் போன்ற பெருங்கட்டடத்தில் நடத்தலாம், நாடகக் கொட்டகையில் கூடாது என்பது அவர் விதித்த வரையறை.

மொழிபெயர்ப்பாய்வுக்கு இதனினும் வளமானது, 1964 ஜூன் 13 அன்று அதே தேவாலயத்தில் அரங்கேறிய 'கர்லூ ஆறு'. பிரிட்டென் 1956இல் டோக்கியோவில் 'சுமிதகவா' என்னும் நோ நாடகத்தைக் கண்டார். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த மோத்தோமாசா இயற்றியது அது. கடத்தப்பட்ட மகனைத் தேடித் தலைநகரிலிருந்து வரும் பித்துற்ற தாய், படகேறி அக்கரை சேர்ந்து அவன் கல்லறையைக் காண்பதே கதை. ஆங்கிலப் பாடத்தை எழுதியவர் வில்லியம் பிளோமர். 1926 முதல் 1929 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். முன்பே வெளிவந்திருந்த ஆங்கிலப் பெயர்ப்பே அவருக்கு அடிப்படை. தொடக்கத்தில் ஜப்பானியச் சூழலைக் காப்பதே எண்ணமாக இருந்தது. 1959இல் பிரிட்டென் கருத்தை மாற்றிக்கொண்டார்: களம் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலம், நடிப்போர் கிறித்தவத் துறவியர், நிகழிடம் தேவாலயம். இங்குக் கட்டடமே பெயர்ப்பின் திசையை வரையறுத்தது எனலாம்.

பறவைப் பெயரைச் சான்றாகக் கொள்ளலாம். மூலத்தில் தாய் ஆற்றுப்பறவையைக் காட்டிப் பெயர் கேட்கிறாள். கடற்காகம் என்கிறான் படகோட்டி. இவ்விடத்தில் 'மியாகோதோரி' என்றன்றோ சொல்லவேண்டும் என அவள் கடிந்துகொள்கிறாள். மியாகோ தலைநகர், தோரி பறவை. அப்பெயரைக் கொண்டு தலைநகரில் விட்டுவந்த காதலியை நினைந்து வினவும் பழம்பாடல் ஒன்று ஜப்பானியரின் நினைவில் உண்டு. இச்சொற்பொருள் ஆங்கிலத்தில் வாராது. பிளோமர் உரையாடலின் அமைப்பைக் காத்து, வளைந்த நீள் அலகுடைய கர்லூவைக் கொணர்ந்தார். மூலத்தில் பறவை ஊர்ப்பெயரைத் தாங்குகிறது. பெயர்ப்பில் ஆறு பறவையின் பெயரைத் தாங்குகிறது. இழப்பு உண்டெனினும் ஈடும் உண்டு. கூவும் ஒலியிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் கர்லூ என்னும் சொல், பழம் பிரெஞ்சில் 'தூதோடி' என்னும் பொருளுடைய சொல்லோடு மயங்கியது என்பர். பிளோமர் இதனை எண்ணினாரோ இல்லையோ, செய்தி கேட்கப்படும் பறவைக்கு இது பொருந்துகிறது.

கல்லறையருகே ஒலிக்கும் 'நமு அமிதா புத்சு' இலத்தீன் துதிப்பாடலாயிற்று. 'நமு' என்பது வடமொழி 'நமஸ்' சீனத்தின் வழியே ஜப்பானியத்தில் பெற்ற வடிவம். ஆகவே வழிபாட்டுமொழி கேட்போரின் தாய்மொழியன்று என்னும் நிலை இரண்டிலும் ஒன்றே. சொல்லுக்குச் சொல் தேடியிருந்தால் இது கைகூடியிராது.

முடிவிலோ பெயர்ப்பு மூலத்தைவிட்டு விலகுகிறது. சுமிதகவாவில் மகனின் உருவைத் தாய் தழுவ முயல்கிறாள், அது மறைகிறது, விடியலில் புல் மூடிய மேடு மட்டும் தெரிகிறது. அவ்வுரு மேடையில் தோன்றவே வேண்டுமா என்பதில் மோத்தோமாசாவும் அவர் தந்தை ஜெயாமியும் மாறுபட்டனர். தோன்றாமையே நன்று என்பது தந்தையின் கருத்து. ஓர்ஃபோர்டில் மகனின் ஆவி வாழ்த்துகிறது, மறுமையில் சந்திப்போம் என்கிறது, தாயின் பித்துத் தெளிகிறது. பறவையையும் மந்திரத்தையும் பெயர்த்தது திறமை. இந்த ஆறுதல் மூலத்தில் இல்லாதது, பெயர்ப்பின் பெயரால் சேர்க்கப்பட்டது. ஆயினும் திருச்சபையின் கூரைக்கீழ் அந்தப் புல்மேட்டோடு நிறுத்தியிருக்க இயலுமா என்பது எளிதில் விடைகூற முடியாத வினா.

நடத்துநர் இன்றி ஏழு கருவியாளர்கள் இசைத்த அப்படைப்பில், ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்க வேண்டிய இடங்களைக் குறிக்கப் பிரிட்டென் ஒரு புதிய இசைக்குறியை அமைத்தார். அது கர்லூக் குறி என்றே வழங்குகிறது. பிளோமருடன் அவர் இயற்றிய மேலும் இரு தேவாலய நாடகங்கள் 1966இலும் 1968இலும் ஓர்ஃபோர்டிலேயே அரங்கேறின. வழிபாடும் கச்சேரியும் அக்கூடத்தில் இன்றும் நடைபெறுகின்றன.