விடுதிச்சாலையும் சமபந்தியும்

ஒவ்வோராண்டும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகளும் வெட்டுப்புள்ளிகளும் வெளியானதும், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர் ஆசிரியர்களாகிய நம்மிடம் வருகின்றனர். அவர்கள் கேட்பவற்றுள் பாடநெறி பற்றியவை சில. தங்குமிடம் பற்றியவையே பல. விடுதி கிடைக்குமா? கிடையாவிடின் எங்கே அறை எடுப்பது? யாருடன் சேர்ந்து எடுப்பது? பெற்றோர் கேட்பதோ இவற்றினும் சுருக்கமானது: “கூட இருக்கப் போற பிள்ளை எந்த ஊர்?” யாழ்ப்பாணத்தில் ஊர் கேட்பது ஊரை அறிவதற்கன்று என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. ஊருக்குப் பின் குறிச்சி, குறிச்சிக்குப் பின் கோயில், கோயிலுக்குப் பின் அறியவேண்டியது அறியப்பட்டுவிடும்.

இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. இம்மண்ணில் விடுதிச்சாலை தோன்றிய நாளிலேயே அதுவும் தோன்றிற்று.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த பாதிரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் தங்கள் பணியைத் தொடங்கினர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள். ஊர்கள்தோறும் பகற்பாடசாலைகளைத் திறந்த அவர்கள், காலையில் தாம் கற்பித்ததை மாலையில் வீடு அழித்துவிடுகிறது எனக் கண்டனர். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துத் தம்மோடு வைத்துக்கொண்டாலன்றித் தம் நோக்கம் நிறைவேறாது என்னும் முடிவுக்கு வந்தனர். அந்நோக்கம் மதமாற்றம் என்பதில் ஒளிவு மறைவு இல்லை. ஆயினும் அதன்வழி நிகழ்ந்தது வேறொன்று. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் முதன்முறையாகத் தம் வீட்டு அடுப்பில் வேகாத சோற்றின்முன் உட்கார்த்தப்பட்டார்கள்.

அவர்கள் உண்ண மறுத்தார்கள். கிறித்தவர் வளவினுள் சமைத்த உணவை உண்டால் சாதி கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சினர். 1845 முதல் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ட், இலங்கையிற் கிறித்தவ மதம் பரவிய வரலாற்றைக் கூறும் தம் 1850ஆம் ஆண்டு நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். பாதிரிமார் தம் வளவுக்கு அயலிலுள்ள சைவர் காணியில் சமையற்கொட்டில் அமைக்கவேண்டியதாயிற்று. சமைப்பவன் உயர்சாதியானாக இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. சோற்றுக்கு வழி பிறந்தபின் தண்ணீர்ப் பிரச்சினை எழுந்தது. மிசன் கிணற்று நீரையும் மாணவர் முதலிற் குடிக்க மறுத்தனர். ஆறில்லாத இக்குடாநாட்டில் கிணறே உயிர்; ஆதலின் கிணறே அதிகாரமும் ஆயிற்று. யார் அள்ளுவது, யார் அள்ளி ஊற்றக் காத்து நிற்பது என்பதிலேதான் இங்கே சாதி தன்னை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டது. பாதிரியாரிடம் வானசாத்திரம் கேட்கச் சம்மதித்த பிள்ளை அவருடைய கிணற்று நீரைக் குடிக்கச் சம்மதியாததில் வியப்பில்லை. வானம் எவருக்கும் சொந்தமன்று, கிணறு அப்படியன்று.

1823இல் வட்டுக்கோட்டையில் டானியல் பூவரின் தலைமையில் தொடங்கிய உயர்கல்வி நிலையமே பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரி எனப் புகழ்பெற்றது. கணிதம், வானசாத்திரம், தருக்கம், ஆங்கிலம், தமிழிலக்கியம், வடமொழி ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்த பதிப்பாசிரியர் ஒரு விடுதிச்சாலையின் மாணவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

‘கறோல்’ என்னும் பெயரைக் கவனித்தல் வேண்டும். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்று அக்காலத்து வட்டுக்கோட்டையார் பலருக்கு இத்தகைய முற்பெயர்கள் உண்டு. விடுதியிற் பிள்ளை ஒருவனைப் பராமரிக்கப் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் வழக்கத்திலிருந்து வந்தவை இவை. ஆக, எவனோடு உண்பது என்பதைச் சாதி தீர்மானித்தது. எப்பெயரால் அழைக்கப்படுவது என்பதைக் கடல்கடந்த பணம் தீர்மானித்தது. மாணவன் தானாகத் தீர்மானித்தது மிகச் சிறிது. அச்சிறிதுக்குள் நின்றே அவர்கள் இவ்வளவு செய்தார்கள் என்பது நமக்குப் பெருமை தருகிறது.

பெண்களின் கதை இன்னும் சுவையானது. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அதன் தொடக்கம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பாதிரியார் மனையில் தையல் பழக வந்த சிறுமியர் ஒருநாள் மாலை பெருமழையில் அகப்பட்டு வீடு திரும்ப இயலாது அங்கேயே உண்டு உறங்கினராம். சினந்து வந்த தந்தை, கெட்டது கெட்டுவிட்டது, இனிப் படித்தேனும் வரட்டும் என விட்டுச் சென்றாராம். கதை எவ்வாறாயினும், அதனுள்ளிருக்கும் தருக்கம் நம் சமூகத்துக்கே உரியது. சாதியாசாரத்தைக் கொள்கையால் விட்டவர் இங்கே குறைவு. மழையாலும் உத்தியோகத்தாலும் விட்டவரே மிகுதி.

உண்மையில் செமினரியின் பந்தி காலப்போக்கில் ஒன்றானமைக்கும் காரணம் உத்தியோகமே. ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியிலும் நில அளவைத் திணைக்களத்திலும் இடம் காத்திருந்தது. சம்பளம் சாதியோடு மோதியபோது சாதி சற்று விலகி வழிவிட்டது. ஆனால் எவ்வளவு விலகிற்று? வெள்ளாளப் பிள்ளை கிறித்தவப் பிள்ளையோடு ஒரு பந்தியில் உட்கார்ந்தான், அவ்வளவே. அவனுக்குக் கள் இறக்கியவனுடைய பிள்ளையும், துணி வெளுத்தவனுடைய பிள்ளையும், தோட்டம் கொத்தியவனுடைய பிள்ளையும் அப்பந்தியின் அருகிலும் இல்லை. சமத்துவம் பேசிய பாதிரிமார், மாணவர் தொகை குறைந்துவிடும் என்னும் அச்சத்தால் பல சலுகைகளைச் சாதிக்கு அளித்தனர். அவர்களைப் புகழ்வோரும் இகழ்வோரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவால் செமினரி மூடப்பட்டது. பழைய மாணவர் முயற்சியால் 1872இல் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சைவர்களும் தத்தம் கல்லூரிகளைக் கட்டி, மரக்கறி உணவுடன் விடுதிகளையும் அமைத்தனர். அடுத்த ஐம்பதாண்டுகளில் விடுதி வாழ்க்கை நடுத்தர வர்க்கத்தின் வழக்கமாயிற்று. அக்காலத்தைப் பற்றி நாம் அதிகம் கூறவேண்டியதில்லை. அவரவர் தத்தம் அடுப்பண்டையில் அமைதியாக இருந்தனர்.

அமைதி குலைந்தது 1920களில். 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் கூடி அமைத்த மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. தீண்டாமை ஒழிப்பை அது தன் கொள்கைகளுள் முதன்மையான ஒன்றாகக் கொண்டது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததற்கும் அவ்விளைஞர்களே காரணர். இதே ஆண்டுகளில் பாக்குநீரிணைக்கு அப்பால் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி அளிக்கப்பட்டமை பெரும் புயலாக மூண்டிருந்தது. டாக்டர் வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அதனை எதிர்த்தனர். தேசபக்தரான ஐயர், பெற்றோரின் விருப்பம் என்றே விளக்கம் கூறினார்.

‘பெற்றோர் விருப்பம்’ என்பதுபோன்ற சொற்கள் தமிழுக்கு மட்டும் உரியனவல்ல. வட்டுக்கோட்டைக்கு வந்த பாதிரிமாரின் சொந்த மண்ணாகிய நியூ இங்கிலாந்திலேயே, 1922இல் ஹாவாட் சர்வகலாசாலைத் தலைவர் லோவல், புதுமுக மாணவர் விடுதிகளிற் கறுப்பின மாணவருக்கு இடமில்லை என்றார். புதுமுக மாணவர் யாவரும் அங்கே கட்டாயம் தங்கவேண்டும் என்னும் விதியைப் புகுத்தியவரும் அவரே. தாமே ஹாவாட்டிற் பயின்ற ரொஸ்கோ புரூஸ் என்பவர் தம் மகனுக்காக இதனை எதிர்த்து வாதாடினார். 1923இல் மேற்பார்வைச் சபை தலைவரின் தடையை நீக்கிற்று. நிறத்தின் பேரால் எவரையும் விலக்கலாகாது என்றது. ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக வசிக்கவும் உண்ணவும் கட்டாயப்படுத்தப்படலாகாது என்றும் அதே மூச்சிற் சொல்லிற்று. வாயிற்கதவைத் திறந்து அறைக்கதவைச் சாத்தும் இவ்வித்தையை யாழ்ப்பாணத்தாரும் நன்கறிவர்.

1929இல் அரசாங்கம், உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டுமெனப் பணித்தது. அதுகாறும் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பலவிடங்களில் நிலத்திலோ வகுப்பறைக்குப் புறத்திலோ இருந்து படித்தனர். வாங்கில் உட்கார்வதற்கே பாடசாலைகள் எரிக்கப்பட்டன, மனுக்கள் பறந்தன. சம ஆசனமே இப்பாடாயின் சமபோசனம் எப்பாடாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வாங்கு அரைநாட் சங்கதி. பந்தியும் படுக்கையுமோ நாள் முழுவதும் கூட வருவன. முற்போக்கான ஆசிரியர்கள் விடுதிகளிற் சமபந்தியைப் புகுத்த முயன்றபோது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்பதே பெற்றோரின் ஆயுதமாயிற்று.

இப்பூட்டை உடைத்ததிற் சட்டத்துக்கும் பங்குண்டு. பணத்துக்கு அதனினும் பங்குண்டு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபின், கட்டணம் செலுத்தியவனுக்கே விடுதி என்னும் நிலை தளர்ந்தது. மத்திய பாடசாலைகளின் விடுதிகளுக்குக் கிராமத்து ஏழைப்பிள்ளைகள் புலமைப்பரிசில் பெற்று வந்தனர். அரசாங்கம் அரிசி கொடுத்த இடத்தில் அடுப்பின் உரிமையாளன் என்று ஒருவன் இருக்கவில்லை. நம் கணிப்பில் சாதியின் பந்தி ஒழுங்கை அசைத்தவற்றுள் இதுவே மிக வலிமையானது.

1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இலங்கைச் சர்வகலாசாலை, ஐவர் ஜெனிங்ஸின் கனவின்படி, மாணவர் அங்கேயே வசித்துக் கற்கும் நிலையமாக அமைந்தது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, மார்ஸ் என மண்டபங்கள் எழுந்தன. பெண்களுக்குச் சங்கமித்தாவும் ஹில்டா ஒபயசேகரவும். பருத்தித்துறைப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரு மேசையிற் சோறுண்டனர். ஆங்கிலம் அவர்களுக்குப் பொதுமொழி. அது மேற்தட்டுக்கே உரிய ஒற்றுமை என்பது உண்மையே. 1960 அளவில் கலைத்துறையிற் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. மக்கள் பிள்ளைகள் மக்கள் மொழியிற் கற்கவேண்டும் என்பதில் நமக்கு இருகருத்தில்லை. ஆயின் ஒருவர் மொழியை மற்றவர் கற்பதற்கு ஆவன செய்யாமல் மொழிவழி வகுப்பைப் பிரித்தபோது, வகுப்பின் பிரிவு அறைக்குள்ளும் வந்து படுத்துக்கொண்டது. பேச மொழியற்ற இருவர் ஓரறையை விரும்பிக் கேட்பதில்லை. 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு மண்டபங்களினின்றும் விரட்டப்பட்டனர். ஜூலை வருமுன்னரே அங்கே ஜூலை வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்திலும் இதன் மறுபக்கம் உண்டு. 1974இல் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்திற் சிங்கள மாணவரும் பயின்றனர். 1977 ஆகஸ்ட் வன்செயலோடு அவர்கள் தெற்கே சென்றனர். போர் முடிந்தபின்னரே மீண்டும் பெருந்தொகையாக வந்தனர். 2016 ஜூலையில் விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பிற் கண்டிய நடனம் இடம்பெறுவது தொடர்பில் மூண்ட கைகலப்பைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின.

பகிடிவதையையும் ஒரு சொல் கூறாது விடலாகாது. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்தில் பகிடிவதைக்கு உள்ளான தமிழ் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புதியவனை யாரோடு பழகலாம், எங்கே உண்ணலாம், எங்கே தங்கலாம் என்று மூத்தவன் கட்டளையிடுவதே பகிடிவதையின் உயிர்நாடி. ஏழை, பணக்காரன் வேற்றுமையை அழிக்கவே இது என வாதிடுவோர் நம் இடதுசாரி மாணவரிடையேயும் உளர். வதைத்துச் சமமாக்கும் சமத்துவம் எவ்வகைச் சமத்துவமோ, நாமறியோம்.

இன்று பல்கலைக்கழக விடுதிகள் எல்லா ஆண்டு மாணவருக்கும் போதியனவாக இல்லை. முதலாண்டில் இடம் பெறுவோரும் இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே அறை தேடவேண்டியவர்களாகின்றனர். விடுதி விண்ணப்பம் மாணவனின் வீட்டுத் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் கேட்கிறது. திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் அறை வாடகைக்கு விடுவோர் சிலர், அறையைக் காட்டுமுன் ஊரைக் கேட்கின்றனர். கிணற்றடியும் குசினியும் வீட்டாரோடு பொது என்றால் கேள்விகள் கூடுகின்றன. ஊரைச் சொன்னதும், அறை நேற்றுத்தான் போய்விட்டது என்னும் பதிலைப் பெற்ற மாணவரை நாம் அறிவோம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தால் இப்பதிலைப் பிடிக்க இயலாது. மாணவரும் இதனையறிந்து தம் ஊராரோடும் தம் பாடசாலையாரோடுமே சேர்ந்து அறை எடுக்கின்றனர். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தனியாக வருபவனுக்கே இடர் மிகுதி. நான்கு ஆண்டுக்கும் விடுதி வேண்டும் என்னும் கோரிக்கையை மாணவர் சங்கங்கள் வசதிக் குறைவு என்னும் தலைப்பிலேயே எழுப்பி வருகின்றன. அறைகளைச் சீட்டுப்போட்டுப் பகிர்ந்து, ஒவ்வோர் அறையிலும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதோரை வைக்குமாறு அவை இன்னும் கேட்கவில்லை.