ஓட்டை வெட்டிய கைகள்

“ஸ்டென்சில் வைச்சுத்தானே செய்தனீ?” கையால வாழ்த்து அட்டை செய்யிற ஆக்கள் எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். கேட்கிறவர் நோகடிக்க வேணுமெண்டு கேட்பதில்லை. ஆனாலும் கேள்விக்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிஞ்சிருக்கு. சொந்தமாகக் கீறினால் கலை, அச்சு வைச்சுத் தேய்ச்சால் வெறும் கைவேலை. இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது, ஸ்டென்சிலின் வரலாறு அதை ஏற்றுக்கொள்ளுமா எண்டு கொஞ்சம் பார்ப்பம்.

ஸ்டென்சில் என்பது ஒரு தாளில் வெட்டிய ஓட்டை, அவ்வளவுதான். ஓட்டைக்குள்ளால் நிறம் போகும், மிச்ச இடத்தைத் தாள் மறைக்கும். சொல்ல லேசு. ‘வாழ்த்து’ என்ற ஒரு சொல்லை ஒருக்கா வெட்டிப் பாருங்கோ. ‘வ’வின் சுழிக்குள் இருக்கிற துண்டு கழன்று விழுந்துவிடும், ‘த’வின் சுழிக்கும் அதே கதி. விழாமல் இருக்க வேண்டுமென்றால் எங்கேயோ ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தை எங்கே விடுகிறது, அது கண்ணைக் குத்தாமல் எப்படி ஒளிக்கிறது என்பதுதான் முழு வித்தையும். இங்கிலீசு எழுத்தைவிட சுழி நிறைஞ்ச எங்கட எழுத்துக்கு இந்தத் தலையிடி இன்னும் கூட.

மனிதர் வெட்டத் தொடங்கும் முன்னமே ஸ்டென்சில் இருந்தது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், மாரோஸ் பகுதிக் குகைச் சுவரில் ஒரு கையடையாளம் இருக்கிறது. கையைச் சுவரில் வைத்து அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தை ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் அதன் வடிவம் வெறுமையாக நின்றது. குறைந்தது 39,900 வருடப் பழமை என்று 2014இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். யாருடைய கை என்று எவருக்கும் தெரியாது.

பெயர் தெரியாமல் போவது இந்தத் தொழிலின் தலைவிதி போலத்தான் இருக்கிறது. பிரான்சின் எப்பினால் நகரில் 1796இல் பெலெரன் தொடங்கிய அச்சகம் மலிவான வண்ணப் படங்களுக்குப் பேர்போனது. கோடுகளை மரக்கட்டையால் அச்சடித்து, நிறங்களை ஸ்டென்சில் வைத்துத் தூரிகையால் பூசினார்கள். முதலாளியின் பெயர் நிற்கிறது, பூசிய ஆக்களின் பெயர் இல்லை. லண்டனில் 1843இல் ஹென்றி கோல் அச்சடித்த முதல் கிறிஸ்மஸ் அட்டையிலும் கோடுதான் அச்சு, நிறம் கைவேலை. வரைந்த ஹோர்ஸ்லியை எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் அட்டைக்கு உட்கார்ந்து நிறம் தீட்டியவர்களைப் பற்றி யாரும் கதைக்கிறதில்லை.

நவீன கலைக்குள்ளும் ஸ்டென்சில் பின்கதவாலதான் வந்தது. ஜோர்ஜ் பிராக் 1911இல் தொடங்கிய ‘போர்த்துக்கீசர்’ ஓவியத்தில் ஸ்டென்சில் எழுத்துகள் இருக்கின்றன. இதைப் பெரிய புரட்சி என்று புத்தகங்கள் எழுதும். உண்மையும்தான். ஆனால் பிராக் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற, அலங்காரம் செய்கிற குடும்பத்தில் பிறந்து அந்தத் தொழிலைப் பழகியவர். கடைப் பலகை எழுதுகிற ஆளின் கருவியைத்தான் கொண்டுவந்து கன்வசில் வைத்தார். அடுத்த வருடம் பிக்காசோ எண்ணெய்ச்சீலையை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிவரக் கயிறு கட்டினார். இன்றைக்கு ‘மிக்ஸ்ட் மீடியா’ என்று நாங்கள் சொல்லும் விஷயத்தின் பெரிய பங்கு இந்த இரண்டு வருடத்துக்குள் நடந்தது.

மத்தீசின் ‘ஜாஸ்’ புத்தகம் 1947இல் வந்தது. அவர் நிறம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினார். அதைப் பார்த்து, அதே கூவாஷ் நிறத்தால், எத்மோன் வைரெலின் பட்டறைத் தொழிலாளர்கள் ஸ்டென்சில் வைத்து ஒவ்வொரு பிரதிக்கும் கையால் பூசினார்கள். மொத்தம் 20 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நிறத்துக்கு ஒன்றாக வெவ்வேறு ஸ்டென்சில். அருங்காட்சியகங்களில் ‘மத்தீஸ்’ என்று தொங்குகிற பல தாள்களில் மத்தீசின் கை படவே இல்லை. அதனால் அவை கலை இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கட ஊரில் ஸ்டென்சில் என்ற சொல் முதலில் வந்தது ஓவியத்தோடு இல்லை, ரோனியோவோடு. டேவிட் கெஸ்டெட்னர் 1881இல் லண்டனில் காப்புரிமை எடுத்த முறையின் வாரிசு அது. மெழுகுத் தாளில் எழுத்தை வெட்டினால், வெட்டிய இடத்தால் மை இறங்கும். சுழல்கிற உருளையைக் குறிக்கும் ரோட்டரி, நியோஸ்டைல் என்ற இரண்டு சொல்லும் ஒட்டிப் பிறந்ததுதான் ரோனியோ. “ஸ்டென்சில் வெட்டித் தா” என்று ரைப்பிஸ்டிடம் கேட்ட தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கோ. சோதனைத் தாளும் துண்டுப் பிரசுரமும் அந்த ஓட்டைகளுக்குள்ளால்தான் வந்தன. கையால் சுற்றுகிற மெஷினுக்குக் கரண்ட் தேவையில்லை என்பது எங்களுக்குச் சின்ன விஷயமா?

இதெல்லாம் ஒரு பக்கம். நான் உண்மையாகச் சொல்ல வந்த கதை ஒகினாவாவில் நடந்தது.

ஒகினாவா ஒருகாலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. ஷூரி என்ற நகரில் அரண்மனை. அங்கே வளர்ந்த துணிச்சாயக் கலையின் பெயர் பிங்கதா. அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும்தான் முதன்மையாகச் செய்தார்கள். மஞ்சள் நிலம் அரச குடும்பத்துக்கு உரியது. ஷிரோமா, சினென், தகுஷி என்ற மூன்று குடும்பங்கள் அரண்மனைக்கு வேலை செய்தன.

செய்முறை எளிமையாகத் தெரியும், செய்யப் போனால்தான் கஷ்டம் விளங்கும். ஸ்டென்சில் தாளை வெட்டும்போது அடியில் வைக்கிறது என்ன தெரியுமா? காயவைத்து, எண்ணெய் ஊறிய ஒரு தோஃபுக் கட்டி. ருகுஜு என்று பெயர். கத்தி முனை அதற்குள் மெத்தென்று இறங்கும், முனையும் மழுங்காது. வெட்டிய தாளைத் துணியில் வைத்து ஒட்டரிசி மாவும் தவிடும் சேர்த்து அவித்த பசையை வழிக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஸ்டென்சிலுக்கு இது நேர்மாறு. ஓட்டைக்குள்ளால் போவது நிறமில்லை, நிறம் வராமல் தடுக்கிற பசை. பசை காய்ந்த பிறகு சோயாப் பாலில் கலந்த நிறத்தைத் தூரிகையால் பூசி, வடிவங்களின் ஓரத்தில் கடும் நிறத்தைத் தேய்த்து நிழல் போடுவார்கள். கடைசியில் தண்ணீரில் ஊறவிட்டால் பசை கரைந்து போகும், வடிவம் வெளிச்சமாக நிற்கும்.

1879இல் ஜப்பான் ரியூக்யூவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அரசன் போனான், வாடிக்கையாளரும் போனார்கள். குடும்பங்கள் வறுமையில் விழுந்தன. 1921இல் சித்திரம் படிப்பிக்க ஒகினாவா வந்த காமகுரா யோஷிதாரோ என்ற இளம் ஆசிரியர், பிறகு ஆய்வாளராகி, வீடு வீடாகப் போய்ப் பழைய பிங்கதா ஸ்டென்சில்களையும் துணி மாதிரிகளையும் சேர்த்தார். படம் எடுத்தார், குறிப்பு எழுதினார். சேர்த்தவை ஜப்பானின் பெருநிலத்துக்குப் போயின. ஆக்கிரமித்த நாட்டில் இருந்து வந்த ஒருவர் ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணின் பொருட்களைக் கொண்டுபோனதை எப்படிப் பார்க்கிறது? வேறு நேரமென்றால் நான் கடுமையாகவே எழுதியிருப்பேன். ஆனால் 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஒகினாவாவில் இறங்கியது. மூன்று மாதத்துக்குள் அந்தத் தீவு மக்களில் நாலு பேருக்கு ஒருவர் இறந்தார்கள். ஷூரி தரைமட்டமானது. பட்டறைகளும் அங்கே இருந்த ஸ்டென்சில்களும் எரிந்துபோயின. வெளியே போனவைதான் மிஞ்சின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, வேறெங்கோ ஒரு பிரதி இருக்கிறதின் பெறுமதி விளங்கும்.

ஷிரோமா குடும்பத்தின் பதினாலாம் தலைமுறை எய்கி. 1908இல் பிறந்தவர். போர் நேரம் ஒசாகாவில் இருந்ததால் தப்பினார். திரும்பி வந்தபோது கருவி இல்லை, தாள் இல்லை, நிறம் இல்லை. படை முகாம்களின் குப்பையைக் கிளறினார். வீசிய இராணுவ வரைபடங்கள் கனமான நல்ல தாள், அவற்றில் ஸ்டென்சில் வெட்டினார். உடைந்த இசைத்தட்டின் துண்டு பசை வழிக்கிற தகடாயிற்று. சுட்டு வெறுமையான தோட்டாக் கோதுகள் பசைப் பைக்கு மூக்காயின. லிப்ஸ்டிக் சிவப்பு நிறமாயிற்று.

ஊரைப் பிடிப்பதற்காகக் கீறிய வரைபடத்தில், அந்த ஊரின் பூவை வெட்டியிருக்கிறார் மனுசன். இதை அவர் ஏதும் எதிர்ப்புக் கலையாக நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. வேறு தாள் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். அந்தச் சாதாரணக் காரணம் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

செய்ததை யாருக்கு விற்கிறது? ஒகினாவாக்காரரிடம் சாப்பாட்டுக்கே காசில்லை. காசு இருந்தது அமெரிக்கச் சிப்பாய்களிடம்தான். அதனால் பட்டு அங்கி போட்ட அரசர்களின் கலை, கிறிஸ்மஸ் அட்டையாகவும் போஸ்ட் கார்டாகவும் மாறியது. குண்டு போட்ட படையின் ஆட்கள் அதை வாங்கித் தங்கட அம்மாமாருக்கு அனுப்பினார்கள். இது மானக்கேடு என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அட்டை வித்த காசில்தான் பட்டறை மறுபடி எழும்பியது. காமகுராவிடம் மிஞ்சிய பழைய மாதிரிகளைப் பார்த்துப் பழைய வடிவங்களையும் மீட்டெடுக்க முடிந்தது. எய்கி 1992இல் இறந்தார். மகன், பேரன் என்று ஷூரியில் வேலை தொடர்கிறது.

அதே காலத்தில் தோக்கியோவிலும் இதையொத்த ஒன்று நடந்தது. செரிசாவா கெய்சுகே 1928இல் ஒரு கண்காட்சியில் பிங்கதாத் துணியைப் பார்த்து மயங்கியவர், 1939இல் ஒகினாவாவுக்கே போய்ப் பழகியவர். 1945 விமானத் தாக்குதலில் அவருடைய வீடும் பட்டறையும் போயிற்று. துணி கிடைக்காத நாட்களில், தண்ணீரில் ஊறினாலும் கிழியாத வாஷித் தாளில் அதே பசை முறையைச் செய்தார். கலண்டர்களும் அட்டைகளும் அப்படித்தான் வந்தன. 1956இல் ஸ்டென்சில் சாயக் கலைக்காக அரசு அவருக்கு ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற தகுதியைக் கொடுத்தது.

அதற்கு முதல் வருடம் அதே தகுதி, ஈசே பகுதியில் ஸ்டென்சில் வெட்டுகிற ஆறு பேருக்குக் கிடைத்திருந்தது. ஒருவர் ஜோனோகுச்சி மியே என்ற பெண். அவருடைய வேலை வெட்டுவதுகூட இல்லை. பாலம் விடாமல் வெட்டிய மெல்லிய தாளை இரண்டாகப் பிரித்து, இடையில் பட்டு நூலைப் பரப்பி, துண்டுகள் விழாமல் ஒட்டுவது. சாயம் போட்ட துணியில் அந்த நூலின் தடயமே தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்துவந்த இந்த வேலைக்கு அரச ஏட்டில் ஒரு பெயர் ஏறியது அப்போதுதான்.

ஒரு சின்னத் தகவல். ஸ்டென்சில் வெட்டத் தாள் தேடுகிறவர்களுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் நல்லது. ஊறவைத்துச் சுரண்டினால் கறுப்புப் போய்விடும், பிறகு கண்ணாடி மாதிரித் தெரியும், எத்தனை தரம் கழுவினாலும் சுருங்காது. பொங்கலுக்கு அட்டை செய்கிறதென்றால் ‘வ’வின் சுழிக்கு இரண்டு பக்கமும் பாலம் விடுங்கோ. ஒன்று மட்டும் விட்டால் நாலாவது அட்டையில் அது மடங்கிவிடும்.