வானிலை ராடாரும் விண்கல் தேடலும்: பாகூர், வில்லியனூர் நிலத்திலிருந்து ஒரு மறுப்பு

மழையை அளக்க வைத்த ராடாரைக் கொண்டு விண்கல்லையும் தேடலாம் என்பதை முறையாக எழுதிவைத்தவர்கள் மார்க் ஃப்ரைஸ், ஜெஃப்ரி ஃப்ரைஸ் இருவரும். 2010இல் வந்த அவர்களது கட்டுரை, ராடாரில் படியக்கூடியவற்றை மூன்றாக வகுத்தது: ஒளிர்ந்து பாயும் நெருப்புக்கோளம், ஒளி அவிந்தபின் விழும் கற்கள், உடைப்பில் எழுந்து நெடுநேரம் காற்றில் அலையும் தூசி. கைக்கு அகப்படும் கல் இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. நேரில் கண்டவர் சாட்சியம் நெருப்பு அணைந்ததும் நின்றுபோகிறது. அதற்குப் பிந்தைய இருண்ட இறக்கத்தை ராடார் காட்டும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பழுதில்லை. அதை எங்கும் பொருந்தும் கருவியாக வாசிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். 1946 அக்டோபர் எரிமீன் பொழிவை வானியலாளர் லவலும் உடனிருந்தவர்களும் இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்கில் ராடாரால் கண்காணித்தார்கள். திருப்பதிக்குப் பக்கத்துக் காடங்கி ராடாரும் எரிமீன்களைப் பதிகிறது. அவை பார்ப்பது 100 கி.மீ. உயரத்தை ஒட்டிய மின்னேற்றத் தடத்தை, கல்லை அல்ல. கல்லைத் தேடிய வரலாறு 2009 பிப்ரவரி 15 அன்று டெக்சாஸில் விழுந்த ஆஷ் கிரீக் கல்லோடு தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். பழைய பதிவேட்டையும் பின்னோக்கிப் புரட்டலாம் என்று ஃப்ரைஸ் கட்டுரையே காட்டுவதால், 2009ஐத் தொடக்க ஆண்டென்று அறுதியிடத் தயங்குகிறேன். ராடார் சொல்லிக் கல் எடுத்த ஆண்டு அது; அவ்வளவே சொல்லலாம்.

இனி நேரக் கணக்கு. சுமார் 20 கி.மீ. உயரத்தில் பாய்ச்சல் அடங்கிய கல், அங்கிருந்து தன் எடைக்கேற்ற வேகத்தில் இறங்குகிறது. நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில் 1 கிலோ கல் 3 நிமிடத்தில் தரை தொடும். 10 கிராம் கல்லுக்கு 6 நிமிடத்துக்கு மேல். 1 கிராம் துணுக்குக்கு 9 நிமிடத்துக்கு மேல். நம் வானிலைத் துறையின் ராடார், தாழ்ந்த கோணத்தில் தொடங்கிப் படிப்படியாக நிமிர்ந்து வானத்தை ஒருமுறை துழாவி முடிக்க 10 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆக, பெரிய கல் இரண்டு சுற்றுக்கு நடுவில் நழுவிவிட இடமுண்டு. துணுக்குகளோ ஏதாவதொரு கோணத்தில் மாட்டிக்கொள்ளும். களத்தில் தூற்றும்போது நெல் காலடியில் விழ, உமி காற்றோடு தள்ளிப்போவதைப் பாகூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராடார் காட்டுவது உமி போன இடத்தை.

அமெரிக்காவிலும் மழையில்லாத நேரத்தில் ஒரு சுற்றுக்கு 10 நிமிடம்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அங்கே ஏறத்தாழ 160 ராடார்கள். பல இடங்களில் ஒன்றின் பார்வையெல்லை மற்றதன் எல்லையோடு கலக்கிறது. ஒன்று தவறவிட்டதை அடுத்தது பிடிக்கிறது. மூலத்தரவும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடக்கிறது. ஃப்ரைஸ் இருவரும் ராடாரின் வெற்றியாக எண்ணுவதில் பாதியாவது இந்தப் பதிவேட்டின் வெற்றி என்பது என் கருத்து. புதுச்சேரியின் பாகூருக்கும் வில்லியனூருக்கும் வாய்த்தவை இரண்டு: தெற்கே சுமார் 110 கி.மீ. தொலைவில் காரைக்கால், வடக்கே 140 முதல் 150 கி.மீ. தொலைவில் சென்னை. அரைப் பாகை கோணத்தில் புறப்படும் காரைக்கால் கற்றையின் மையம், இங்கு வரும்போது தரையிலிருந்து 1.7 கி.மீ. உயரத்தில் இருக்கும். கற்றைக்குக் கீழே நடப்பது ராடாருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நம்மியந்தல் கல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1886 ஜனவரி 27 அன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் விழுந்தது; விண்கல் பட்டியலில் அதற்கு எச்5 வகை, எடை சுமார் நாலரை கிலோ. பாகூரும் வில்லியனூரும் அப்போது பிரெஞ்சு நிலமாக அதே மாவட்டத்துக்குள் திட்டுத்திட்டாகக் கிடந்தவை என்பதால், இவ்வட்டாரத்துக்கு நெருங்கிய பழைய சான்றாக இதைக் கொள்கிறேன். அன்றைக்கே காரைக்காலில் ராடார் இருந்து, கல் பாகூர் வயலில் விழுந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நாலரை கிலோ கல் 20 கி.மீ.யைக் கடக்க 2 நிமிடமும் சில நொடிகளும் போதும். அந்த நேரத்தில் ராடார் சரியான கோணத்தில் திரும்பியிருந்தாலும் மங்கலான ஒற்றைப் புள்ளிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தனித்து நிற்கும் புள்ளியை இரைச்சல் என்று வடிகட்டிவிடுவது தரவுச் சுத்திகரிப்பில் சாதாரணம். 1857 பிப்ரவரி 28 அன்று பழைய மதுரை மாவட்டத்தில் விழுந்த பர்னல்லி கற்களும் இரண்டே. ஒன்று சுமார் 60 கிலோ, மற்றது 17. ராடாருக்குப் பிடித்தமானது நூறாக நொறுங்கும் கல். நம் பழைய பதிவுகளில் பேர்பெற்றவை நொறுங்காமல் வந்தவை. இரண்டு பதிவை வைத்துப் பொதுவிதி கட்டக்கூடாதுதான். எண்ணிக்கையில் எடுத்த கற்கள் மட்டுமே சேரும், காணாமற்போன துணுக்குகள் சேரா. ஆயினும் டெக்சாஸ் அனுபவத்தை அப்படியே இங்கு பெயர்த்து நடுவதற்கு இவ்விரண்டும் தடையாக நிற்கின்றன.

ராடார் பார்க்கத் தவறுவதன் மறுபக்கம் 2016 பிப்ரவரி 6இல் தெரிந்தது. நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்து வெடிப்பில் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் என்றது மாநில அரசு. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றது நாசா தரப்பு. ராடார் படத்தைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடுமே என்று தோன்றும். சென்னையிலிருந்து அந்த இடம் சுமார் 200 கி.மீ.; கற்றையின் மையம் 4 கி.மீ. உயரத்துக்குக் கீழே வராது. பேச்சு ஒரு சிறு கல்லைப் பற்றியது. நாசா சொன்னதே எனக்கு ஏற்புடையது. ஆனால் ராடாரின் மௌனத்தை அதற்குச் சான்றாக வைக்கமாட்டேன்.

அடுத்தது காற்று. ஆஷ் கிரீக், 2010 ஜனவரியின் லோர்டன், 2012 ஏப்ரலின் சட்டர்ஸ் மில் எல்லாம் மேலடுக்கில் மேற்கத்திக் காற்று வீசும் நாடும் பருவமும் சார்ந்தவை. நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை 15 கி.மீ. உயரத்தை ஒட்டிக் கிழக்கிலிருந்து பாயும் காற்றாறு ஓடுகிறது. 1950களில் அதை அடையாளம் கண்டு எழுதியவர் நம் வானிலையாளர் பி. கோடீஸ்வரம். நொடிக்கு 35 மீட்டர் என்று வைத்தால் 1 கிராம் துணுக்கு 4 கி.மீ. மேற்கே போகும், 1 கிலோ கல் ஒன்றேகால் கி.மீ. கீழே வீசும் தென்மேற்குக் காற்று அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். சென்னையிலும் காரைக்காலிலும் பறக்கவிடும் பலூன் தரவு இல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. வில்லியனூருக்கு மேல் எதிரொலி காட்டிய கல் விழுப்புரம் மாவட்டத்து வயலில் கிடக்கலாம். வில்லியனூர் கொம்யூனின் எல்லையில் தேடலை நிறுத்துவது வீண்வேலை.

வடகிழக்குப் பருவமழையில் ராடாருக்கு வேறு வேலை. 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்த வானியலாளர் லெ ழாந்தியை மேகம் ஏமாற்றியது. ராடாரின் 10 செ.மீ. அலைக்கோ மேகம் தடையில்லை. மழைத்துளியின் எதிரொலியில் கல்லின் எதிரொலி அமிழ்ந்துபோவதுதான் தடை. தரையிலும் அப்போது சம்பா நிற்கும். சேறடித்த வயலில் 10 கிராம் கல்லைத் தேட முடியாது. கல்லிலுள்ள இரும்பும் ஈரத்தில் துருவேறும். சம்பா அறுத்த தரிசுதான் தேடலுக்கு வாய்ப்பான காலம். சங்கராபரணிக் கரையின் செம்மண் மேடுகளில் இரும்பேறிய சரளை ஏராளம். கருகிய மேற்தோலைப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

என் வாதத்தைச் சோதிக்கச் சூளகிரி விண்கல் இருக்கிறது. 2008 செப்டம்பர் 12 அன்று விழுந்தது. எல்எல்6 வகை, சுமார் 110 கிலோ. சென்னை ராடார் 2002 முதல் இயங்குவது. அங்கிருந்து சூளகிரி 250 கி.மீ.க்குச் சற்று முன்பின். கற்றையின் மையம் அங்கே 6 கி.மீ. உயரத்தில், அகலமோ 4 கி.மீ.க்கு மேல். அன்றைய மூலக்கோப்பை எடுப்பவர், கல் பாய்ந்து வந்த திசையின் விளைவைக் கழித்துவிட்டு, முழக்கம் கேட்டு 4, 5 நிமிடம் கழிந்த சுற்றில், கற்கள் எடுத்த வயல்களுக்கு மேற்கே பார்க்க வேண்டும். எதிரொலி அங்கில்லாமல் முதல் 2 நிமிடத்துக்குள் வயல்களுக்கு நேர் மேலே தென்பட்டால், ஃப்ரைஸ் வாசிப்பே இங்கும் செல்லும்.