உடலே மைக்கூடு: ஊற்றுப்பேனா வரலாற்றில் ஒரு பகுதி

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் எழுதியவரையும் எழுதப்பட்ட நூலையும் பற்றி விரிவாகப் பேசுவர்; எழுதிய கருவியைப் பற்றி ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்வர். ஆயினும் கருவி மாறும்போதெல்லாம் எழுதுவோரின் தொகையும் எழுதும் இடமும் மாறியுள்ளன. ஓலையில் எழுத்தாணியால் கீறிய நம் முன்னோர்க்கு எழுதும்போது மை தேவைப்படவில்லை. எழுதி முடித்த பின்னரே கரியைத் தடவி எழுத்தைத் துலங்கச் செய்தனர். தாள் வந்த பிறகு இறகும், அதன்பின் எஃகு முள்ளும் வந்தன. இவை இரண்டும் மைக்கூட்டை விட்டு அகல இயலாதவை. ஒரு சொல் எழுதுவதும் முள்ளை மையில் தோய்ப்பதுமாகவே எழுதுவோர் காலம் கழித்தனர். மையைத் தன்னுள்ளேயே சுமந்து செல்லும் எழுதுகோல் தோன்றியபோதுதான் எழுத்து மேசையை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கியது.

அவ்வகை எழுதுகோல்களுள் மிக எளியது, பேனாவின் உடலையே மைக்கூடாகக் கொண்டது. இடையில் பையோ குழலோ இல்லை. கழுத்தைத் திருகிக் கழற்றி, உடலுக்குள் நேரே மையை ஊற்றி, மீண்டும் திருகி மூடினால் போதும். 'பில்லர்' என்று மாணவர் வழங்கிய சொட்டுக்குழல் ஒன்றே அதற்குத் துணை. இப்பேனாவின் வரலாறு நம் சொகூர் மாநிலத்துத் தோட்டங்களையும் தமிழரின் உழைப்பையும் தொட்டுச் செல்வதாகும்.

தோற்றம்

மையைத் தன்னுள் அடக்கிய எழுதுகோல் வேண்டும் என்ற எண்ணம் பழமையானது. பாத்திமிய கலீபாவான அல்-முயிஸ், கையையும் உடையையும் கறைப்படுத்தாத எழுதுகோல் ஒன்றை 10 ஆம் நூற்றாண்டில் செய்வித்ததாக அவர் காலத்து நூலொன்று கூறுகிறது. ருமேனியரான பெட்ராச்சே பொயெனாரு 1827 இல் பிரான்சில் ஓர் ஊற்றுப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலப் பேனாக்கள் ஒன்று மையைத் தர மறுத்தன. அன்றேல் அளவின்றிக் கொட்டின.

இதன் காரணம் எளியது. மை வெளியேற வேண்டுமானால், அது விட்ட இடத்தை நிரப்பக் காற்று உள்ளே புக வேண்டும். காற்று புகாவிடின் மை நின்றுவிடும். மிகுதியாகப் புகுந்தால் மை வழிந்துவிடும். அமெரிக்கரான லூயிஸ் எட்சன் வாட்டர்மன் 1884 இல் காப்புரிமை பெற்ற பேனா இச்சிக்கலுக்கு நல்ல தீர்வு கண்டது. நிப்பின் அடியில் பொருந்தியிருக்கும் நாக்குப் போன்ற கட்டையில் நுண்ணிய வரிப்பள்ளங்களை அவர் அமைத்தார். மை, நுண்துளை ஈர்ப்பால் அப்பள்ளங்களின் வழியே நிப்புக்கு இறங்கியது. காற்று சிறுகுமிழிகளாக மேலேறியது. அதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், சொட்டுக்குழலால் உடலில் மை நிரப்பும் பேனாவே உலகெங்கும் பெருவழக்காக இருந்தது.

கித்தா மரமும் பேனாவும்

உடலிலேயே மையை ஊற்ற வேண்டுமாயின், மையால் அரிக்கப்படாத பொருளால் அவ்வுடல் அமைய வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், மரம் ஊறும். இத்தேவைக்குப் பொருந்தியது எபோனைட்டு என்னும் வன்இரப்பராகும். இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்தார். சிறிதளவு கந்தகம் சேர்த்தால் நெகிழும் இரப்பர் கிடைக்கும். நூறு பங்கு இரப்பருக்கு முப்பது பங்கும் அதற்கு மேலும் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால், கருங்காலி போல் இறுகிய பொருள் கிடைக்கும். அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருங்காலியைக் குறிக்கும் 'எபனி' என்ற சொல்லிலிருந்தே எபோனைட்டு என்ற பெயர் வந்தது. மை இதனை அரிப்பதில்லை. கடைசல் பொறியில் வைத்துக் கடையவும் திருகுமரை வெட்டவும் இது இடங்கொடுக்கும். கையில் பிடித்தால் குளிர்ந்திராது.

தொடக்கத்தில் இதற்கான இரப்பர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. 1876 இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877 இல் அவற்றின் வழிவந்த கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888 இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896 இல் சொகூருக்கு அண்டையிலுள்ள மலாக்காவில் டான் சாய் யான் வாணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். 1909 இல் சொகூரின் ஊடாக இருப்புப்பாதை நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் எனப் பாதையோரமெங்கும் கித்தா மரங்கள் அணிவகுத்தன. 1914 அளவில் தோட்ட இரப்பர் காட்டு இரப்பரை விஞ்சியது. 1920 களில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது.

அம்மரங்களைப் பெருமளவில் சீவியவர்கள் தமிழர்கள். விடியுமுன் எழுந்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, ஆலையில் கொண்டுபோய் ஊற்றியவர்கள் அவர்கள். அந்தப் பால் உறைந்து, தகடாகி, புகையூட்டப்பட்டுக் கப்பலேறியது. அதில் பெரும்பங்கு ஊர்தித் தளையங்களுக்குச் சென்றது. சிறுபங்கு வன்இரப்பராகிப் பேனாவுக்கும் பிற பொருள்களுக்கும் பயன்பட்டது. மரஞ்சீவியவர் பலருக்கு அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளப் பதிவேட்டில் கிராணியார் பேனாவால் எழுத, அவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினர். எழுதுகோலின் மூலப்பொருளைக் கையால் திரட்டியவருக்கு எழுதுகோல் எட்டாப் பொருளாக இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

அவர்தம் பிள்ளைகளுக்கோ வழி மெல்லத் திறந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டத்தில் பள்ளி அமைக்க வகை செய்தது. சொகூர்த் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. பலகையும் குச்சியும், பின்னர்க் கரிக்கோல், அதன் பின்னரே பேனா என்ற படிவரிசையில் பிள்ளைகள் ஏறினர். பேனா கைக்கு வருவது வகுப்பு உயர்வின் அடையாளமாயிற்று.

பையும் வெப்பமும்

உடலில் மை ஊற்றும் பேனாவுக்கு ஒரு குறை உண்டு. மை குறையக் குறைய உள்ளே காற்று மிகும். கைச்சூடு பட்டு அக்காற்று விரியும்போது, மையை வெளியே தள்ளித் தாளில் திட்டாக வீழ்த்தும். நிரப்பும்போது விரலில் கறை படிவதும் உண்டு. இவற்றை நீக்க, மேலைநாட்டார் உடலுக்குள் இரப்பர்ப் பையை வைத்தனர். பக்கவாட்டு நெம்புகோலால் பையை அழுத்தி மை உறிஞ்சும் முறைக்கு ஷீஃபர் 1908 இல் காப்புரிமை பெற்றார். பின்னர் உந்துதண்டு முறையும், 1950 களில் நெகிழி மைக்குழலும் பரவின.

ஆயினும் இரப்பர்ப் பை வெப்பநாட்டில் நெடுநாள் தாங்குவதில்லை. வெம்மையும் ஈரமும் சேர்ந்து அதனை ஒட்டச் செய்யும், பின் இற்றுப்போகும். பழுதானால் மாற்றுப் பை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உடலில் நேரே மை ஊற்றும் பேனாவிலோ இற்றுப்போவதற்கு எதுவுமில்லை. ஒருமுறை நிரப்பினால் பல நாளுக்குப் போதும், கழுவுவதும் எளிது. மேலைநாடுகள் கைவிட்ட பின்னரும் இந்தியாவில் இம்முறை நிலைத்ததற்கு இக்காரணங்கள் துணைநின்றன. சப்பானியரும் இம்முறையைக் கைவிடாமல், உடலின் பின்புறக் குமிழைத் திருகினால் மைவழி அடைபடும் அடைப்பான் ஒன்றைச் சேர்த்துக் கசிவைத் தடுத்தனர்.

நாட்டுப் பேனா

இந்தியாவில் இப்பேனா விடுதலை இயக்கத்தோடும் பிணைந்தது. ஆந்திரத்தின் இராசமுந்திரியில் கே. வி. இரத்தினம் 1930 களின் தொடக்கத்தில் எபோனைட்டுப் பேனாக்களைக் கடைந்து தந்தார். அவர் செய்த பேனா ஒன்று, அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த தமிழரான ஜே. சி. குமரப்பாவின் வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. அதனைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், வெளிநாட்டுப் பேனாவுக்கு அது நல்ல மாற்று என்று பாராட்டி 1935 இல் மடல் எழுதினார். இராட்டையில் நூற்ற துணியைப் போலவே, கைக்கடைசலில் பிறந்த பேனாவும் தற்சார்பின் சின்னமாயிற்று.

தமிழ்நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. சென்னைப் பாரிமுனை பேனா வணிகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் பெயர்பெற்ற இடமாயிற்று. திருவள்ளூரில் எபோனைட்டுக் கோலைக் கையால் கடைந்து பேனாவாக்கும் கலை இன்றும் வாழ்கிறது. சாத்தூரில் நிப்பு செய்தல் குடிசைத் தொழிலாகவே நடந்தது. உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே பிளந்து, முனை தேய்த்து நிப்பாக்கும் அவ்வூர்த் தொழிலாளரின் கைத்திறன் எண்ணற்ற மாணவரின் கையெழுத்துக்குத் துணைநின்றது. 1945 இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பந்துமுனைப் பேனா, பின்னர் மலிந்து எங்கும் பரவியது. அதனால் நிப்புத் தொழில் நலிந்தது. எனினும் அது முற்றும் மறையவில்லை.

மாற்றியமைக்கும் முறை

இன்று மைக்குழல் பேனாக்களை மீண்டும் உடலில் மை தாங்குமாறு மாற்றியமைப்போர் பலர் உளர். மைக்குழல் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டர் அளவே கொள்ளும்; உடல் அதனினும் மும்மடங்குக்குக் குறையாமல் கொள்ளக் கூடும். அன்றியும், தீர்ந்த குழலை எறிந்து புதுக்குழல் வாங்கும் செலவும் குப்பையும் இல்லை.

எல்லாப் பேனாவும் இதற்கு இசையாது. உடலில் துளையோ நெம்புகோல் பிளவோ இருத்தலாகாது. உலோக உடலை மை அரிக்கும். நெகிழியும் எபோனைட்டும் ஏற்றவை. கழுத்தின் திருகுமரை நீண்டும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். அதன் அடியில் சிறு இரப்பர் வளையம் இட்டு, மரையில் சிலிக்கோன் மசகைச் சிறிது தடவினால் கசிவு நிற்கும். வாசலின் முதலிய எண்ணெய்ப் பசைகள் இரப்பரைக் கெடுக்குமாதலின் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும். மரை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை மை நிரப்பி, மூன்றில் ஒரு பங்கு எஞ்சும்போதே மீண்டும் நிரப்புவது நன்று. காற்று விரிந்து மை கொட்டுவதை அது தடுக்கும். எபோனைட்டு வெப்பத்தை எளிதில் கடத்தாதாகையால் கைச்சூடு மைக்கு மெல்லவே செல்லும். அது மற்றொரு நன்மை.

முடிவுரை

சொகூரில் கித்தாத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் நகர விரிவுக்கும் இடம் விட்டன. 1990 களின் தொடக்கத்தில் மலேசியா இரப்பர் உற்பத்தியில் முதலிடத்தை இழந்தது. தோட்டம் மறைந்த பின்னும் பெயரளவில் தோட்டப்பள்ளியாக நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் சில உள்ளன. பெருவிரலை மையில் தோய்த்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழில் கட்டுரை எழுதுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைப் பாடநூல் வரிகளைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தவல்லது ஓர் எபோனைட்டுப் பேனா.

வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர், அப்பேனாவைத் திறந்து மாணவர்முன் வைக்கலாம். அதன் உடலில் அறிவியல் உண்டு. நிப்பில் சாத்தூர்த் தொழிலாளரின் கைத்திறன் உண்டு. பிறந்த கதையில் தற்சார்பு வேட்கை உண்டு. அது எப்பொருளால் ஆனது என்று மாணவர் வினவினால், அவ்விடை அவர்தம் பாட்டனார் சீவிய மரத்தில் சென்று முடியும்.