பெட்டிக்குள் ஒரு ராஜஹம்ஸம்

அம்பத்தூர்வாசிகளுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1949-ல் இங்கே டி. ஐ. சைக்கிள் கம்பெனி ஏற்பட்டது. 1955-ல் பக்கத்து ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை வந்தது. அந்த நாளிலிருந்தே, சைக்கிள் என்பது குழாயும் கம்பியும் நட்டும் போல்ட்டும் சேர்ந்த சமாசாரம், கையில் ஒரு ஸ்பானர் இருந்தால் பிரிக்கவும் பூட்டவும் முடியும் என்பது எங்கள் பேட்டைப் பையன்களுக்குக் கூடத் தெரியும். ஆகவே, ஆகாய விமானத்தையும் இப்படியே பாகம் பாகமாகப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள், வாங்கியவர் தம் வீட்டிலேயே பூட்டிக்கொண்டு பறக்கலாம் என்று நான் சொன்னபோது, எங்கள் தெருக்கோடிச் சைக்கிள் கடைக்காரர் கொஞ்சமும் அசந்து போகவில்லை. "எல்லா நட்டையும் சரியா முறுக்கணும். அவ்வளவுதானே, சார்?" என்றார்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் பேச்சில் முக்கால் பங்கு நியாயம் இருக்கிறது. 1903-ல் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தாமே!

நம் சென்னைப் பட்டணத்திலேயே இதற்கு ஓர் அருமையான சாட்சி உண்டு. மவுண்ட் ரோடில் டி ஆஞ்ஜலிஸ் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. அதன் முதலாளி ஜியாகோமோ டி ஆஞ்ஜலிஸ் கார்ஸிகா தீவுக்காரர். மிட்டாயும் கேக்கும் விற்று முன்னுக்கு வந்தவர். 1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டியதாகச் செய்தி வந்ததும் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. தாமே ஒரு விமானத்துக்குப் படம் போட்டார். அதைக் கட்டிக் கொடுக்க அவர் பிடித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கிய சிம்ப்ஸன் கம்பெனியை! 1910-ல் பல்லாவரத்தில் அது தரையை விட்டுக் கிளம்பிற்று. பிறகு தீவுத் திடலில் டிக்கெட்டுப் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டும் பறந்து காட்டினார் என்கிறார்கள். ஹோட்டல்காரர் அல்லவா? வந்த விருந்தாளியை வெறுமே அனுப்ப மனம் வரவில்லை போலும்.

அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே விமானத்தில் தபால் கொண்டு போனது, சரித்திரப் புத்தகங்களெல்லாம் கொண்டாடுகிற சம்பவம். அது நடந்தது 1911 பிப்ரவரி 18-ல். நம் ஹோட்டல்காரர் அவரை முந்திக்கொண்டவர். ஆனாலும் பாடப் புத்தகத்தில் அவருக்கு இடமில்லை. மிட்டாய்க்காரருக்கு இவ்வளவுதான் மரியாதை.

அவர் யாரிடமும் அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டியிருந்திராது. ஆகாயத்துக்கு அப்போது சட்டமே கிடையாது. அடுத்த வருஷமே சர்க்கார் விழித்துக்கொண்டு 1911-ஆம் ஆண்டு ஆகாயக் கப்பல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1934-ல் விமானச் சட்டம் வந்தது. அதுவும் போய் 2025 முதல் புதுச் சட்டம் நடக்கிறது.

சட்டம் என்றதும் சர்க்காரைத் திட்டுவது நமக்குப் பழக்கம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்குகிறேன். பிரான்ஸில் ஆன்ரி மின்யே என்று ஒருவர், சாமானியனும் வீட்டிலேயே கட்டக் கூடிய குட்டி விமானம் ஒன்றைக் கண்டுபிடித்து, கட்டும் முறையை 1934-ல் புத்தகமாகவே போட்டார். 'ஆகாயப் பேன்' என்பது அதன் பெயர். ஐரோப்பா முழுவதும் தச்சு வேலை தெரிந்தவர்களெல்லாம் அதைக் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் சாவுச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூக்குக் கீழே சாய்ந்தால் சில சமயம் அதை நிமிர்த்தவே முடியவில்லை. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகுதான், முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றன் காற்றை ஒன்று கெடுக்கிறது என்று தெரிந்தது. நட்டையெல்லாம் சரியாக முறுக்கியவர்களும்தான் செத்தார்கள். எங்கள் சைக்கிள் கடைக்காரர் விட்டுவிட்ட கால் பங்கு இதுதான்.

பெட்டி விமானம் இந்தக் கால் பங்கைத்தான் தீர்த்து வைக்கிறது. கணக்கும் சோதனையும் தயாரிப்பாளர் பொறுப்பு. பூட்டுகிற வேலை மட்டும் வாங்குபவருடையது. அமெரிக்காவில் வேலையில் பாதிக்கு மேல் சொந்தக்காரரே செய்திருக்க வேண்டும் என்று விதியே உண்டு. தாமே கட்டியது என்று அப்போதுதான் ஒப்புக்கொள்வார்கள்.

1970-களில் அமெரிக்காவில் ஜான் சோட்டியா என்பவர் 'வீட்ஹாப்பர்' என்ற விமானத்தை இப்படிப் பெட்டியில் விற்றார். வேறொரு புதிய விமானத்தைப் பரீட்சை பார்க்கும்போது 1981-ல் அவரே விழுந்து இறந்தார். ஆனால் அவருடைய விமானம் சாகவில்லை. கடல் தாண்டிப் பிரான்ஸுக்குப் போய் மாறி வளர்ந்தது. அந்த வம்சத்தில் 1990-களில் பிறந்த ஒரு பிள்ளைதான் 'எக்ஸ்-ஏர்'. அது உற்பத்தியான இடம் எது? அம்பத்தூரையும் ஆவடியையும் தாண்டித் தினம் ரயில் ஓடுகிறதே, அந்தப் பெங்களூர்!

பெங்களூரில் ஜோயல் கெக்லான் என்ற பிரெஞ்சுக்காரர் நடத்திய கம்பெனிக்கு ராஜ் ஹம்ஸா என்று பெயர். பெயர் வைத்தவருக்கு ரஸனை இருந்திருக்கிறது. நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போன பறவையை நம்மவர்கள் மறக்க முடியுமா? அலுமினியக் குழாய்களைச் சட்டமாகப் பூட்டி, பாய்மரத் துணி மாதிரி உறுதியான துணியை அதன்மேல் இழுத்துப் போர்த்தினால் எக்ஸ்-ஏர். இறக்கை தலைக்கு மேலே, யந்திரம் முன்னால், கீழே மூன்று சக்கரம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆசனம். இரண்டு ஆசாமிகளும் பெட்ரோலும் உட்பட 450 கிலோ. நம் பழைய அம்பாஸடர் கார் ஆளில்லாமலே இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும்! குழாயும் துணியும் நம்மால் முடிந்தது. யந்திரம் மட்டும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ், இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவின் ஜபிரு.

இந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த ஒரு விமானத்துக்கு 'ஹனுமான்' என்று பெயரிட்டார்கள். ஆஞ்சநேயர் ஒரே தாவாகக் கடலைத் தாண்டினார். இந்த ஹனுமானோ பெட்டிக்குள் மடங்கிப் படுத்துக்கொண்டு தாண்டிற்று! இங்கிலாந்தில் பள்ளிக்கூட வாத்தியார்களும் தச்சர்களும் பென்ஷன்காரர்களும் மாலை வேளைகளில் வாகனக் கொட்டகையில் உட்கார்ந்து பெங்களூர்க் குழாய்களைப் பூட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வருகிறது. துணி போர்த்துவதற்கு முன்னால் பரிசோதகர் வந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்ப்பார். சரியில்லை என்றால் பிரிக்கச் சொல்வார். அதிகாரிதான் அவரும். ஆனால் கொட்டகைக்கு வருகிற அதிகாரி.

நம் தேசத்தில் ஆசை இல்லாமல் இல்லை. பம்பாயில் அமோல் யாதவ் என்ற விமானி, அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தையே கட்டினார். பெட்டி கூட இல்லை, எல்லாம் சொந்த வேலை. 2016-ல் கண்காட்சிக்காகக் கிரேன் வைத்து இறக்கினார்கள். மந்திரிகள் வந்து பார்த்தார்கள், பத்திரிகைகள் புகழ்ந்தன. பதிவுச் சீட்டு கைக்கு வந்தது 2017-ல்தான். பதிவு வேறு, பறக்க அனுமதி வேறு என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரளத்து இன்ஜினீயர் ஒருவர் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 'ஸ்லிங்' என்ற நான்கு ஆசனப் பெட்டி விமானத்தைத் தருவித்துப் பூட்ட ஆரம்பித்தார். சின்ன மகளின் பெயரை அதற்கு வைத்து, 2022-ல் அதில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். நம்மவருக்குக் கை வராது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அதே பெட்டியை அவர் அம்பத்தூரில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூட்டுகிற வேலைக்கு எங்கள் எஸ்டேட்டில் ஆள் பஞ்சமில்லை. ஓடுபாதை? செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஒன்று போட்டார்கள். யுத்தம் முடிந்து விமானங்கள் போனதும் மோட்டார் பந்தயக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1990-ல் அவர்களுக்கென்று பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பாதையே அமைந்துவிட்டது. கார்களுக்குக் கிடைத்துவிட்டது. எக்ஸ்-ஏருக்குச் சில நூறு அடி ஓட இடம் கிடைத்தால் போதும்.