வலிமையும் உணவும்: ஒரு வரலாற்று நோக்கு

உண்ணும் உணவை ஆராயும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அமைத்த பத்துக் குறள்களுள் ஆறு, மருந்தைப் பற்றியன அல்ல. உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியனவே. மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு விவிலியத்துத் தானியேலின் கதையும் உடன் நினைவுக்கு வருகின்றது. பாபிலோன் அரசனின் விருந்துணவை மறுத்த அவ்விளைஞன், பத்து நாட்களுக்குத் தனக்கும் தோழர்க்கும் மரக்கறியும் தண்ணீருமே தந்து, அரசவுணவு உண்டாரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினான். வள்ளுவர் கற்பித்தது அளவு. தானியேல் கேட்டது சோதனை. உணவைப் பற்றிய பிற்கால அறிவியலும் இவ்விரண்டின் வழியேதான் நடந்தது எனலாம்.

இன்று எமது வயதினர் பலர் உடலை உரமாக்கவும் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கவும் விழைகின்றனர். ஒருவர் சோற்றை முற்றாக விலக்குகின்றார். இன்னொருவர் பேணிகளில் வரும் புரத மாவைப் பெருவிலை கொடுத்து வாங்குகின்றார். வேறொருவர் பகல் முழுதும் பட்டினி கிடந்து இரவில் இரட்டிப்பாய் உண்கின்றார். இவர்களை நகையாடுவது எம் நோக்கமன்று. இவர்களின் கவலை எம் வீட்டுக் கவலையுமாகும்.

எமது பாட்டனார் படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். விடியுமுன் வாவியைக் கடந்து வயலுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்புவார். எமது தந்தையாரோ மேசைமுன் அமர்ந்து பணி புரியும் உத்தியோகத்தர். இருவர் கோப்பையிலும் இடப்பட்ட சோற்றின் அளவு ஒன்றே. பாட்டனார் இறுதிவரை மண்வெட்டி பிடித்தார்; தந்தையாருக்கு நாற்பத்தைந்தாம் வயதிலேயே நீரிழிவு கண்டது. இத்தனைக்கும் தந்தையார் பருத்த உடலினர் அல்லர். கை கால்கள் மெலிந்தே இருக்கும். வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும். மெலிந்தவருக்கு இந்நோய் ஏன் வந்தது? இதற்கு விடை காணச் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

1918 ஆம் ஆண்டில், நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், றொபேட் மக்கரிசன் என்னும் மருத்துவர் ‘பெரிபெரி’ நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். ஆலையில் வெளுக்கத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தோரை வாட்டிய நோய் அது. தவிட்டோடு ‘பி1’ என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுவதே அதன் காரணம். அவ்வோர் அறையே 1928 இல் போசாக்கு ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958 இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று இந்தியாவின் தேசிய போசாக்கு நிறுவனமாக விளங்குகின்றது.

மக்கரிசன் செய்த சோதனைகளுள் ஒன்று புகழ்பெற்றது. இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை உரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை என்பன அடங்கிய சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியை முதன்மையாகக் கொண்ட வங்காளத்தார் உணவும் சென்னை மாகாணத்தார் உணவும் கடைசி இடங்களைப் பெற்றன. தமிழர் உணவுக்கு இஃது ஒரு கடுந்தீர்ப்பே.

ஆயின் அரிசிதான் குற்றவாளி என முடிவு கட்டல் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடையாக அதே வங்காளத்திலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். 1912 இல் கொமில்லாப் பகுதியிற் பிறந்த மனோகர் ஐச் என்பார் 4 அடி 11 அங்குல உயரமே உடையவர். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் சிறைப்பட்டு, சிறைக்குள்ளேயே தேகப்பயிற்சியை முனைந்து செய்தார். 1952 ஆம் ஆண்டில் இலண்டனில் ‘மிஸ்டர் யூனிவேர்ஸ்’ போட்டியில், உயரங் குறைந்தோர் பிரிவில் வெற்றி பெற்றார். நூறாண்டைக் கடந்து வாழ்ந்து 2016 இல் மறைந்த இவர், தம்மை வளர்த்த உணவெனக் கூறியவை சோறு, பருப்பு, மீன், மரக்கறி, பழம், பால் என்பனவே. இவை யாவும் நாவற்குடாவில் எவ்வீட்டிலும் காணக் கூடியவை அல்லவா? சோறு குற்றவாளி அன்று. சோற்றோடு சேர்வது எவ்வளவு, உடல் உழைப்பது எவ்வளவு என்பனவே கேள்வி.

இனி மெலிந்தவரின் நோய்க்கு வருவோம். 2004 ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் தம் படத்தையே அருகருகே வெளியிட்டனர். ஒருவர் பூனாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்; மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்றிணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதமும், யாஜ்னிக்குக்கு 21.2 வீதமும் எனத் தெரிய வந்தது. தராசு ஒன்றெனக் காட்டியவை உள்ளே இரண்டாக இருந்தன. தென்னாசியரிடம் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி, அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கின்றது. இதனாலேயே எம்மவரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடைச் சுற்றளவின் எல்லைகளாக வகுக்கப்பட்டுள்ளன. 2005–06 இல் இலங்கையில் நடந்த ஆய்வில், வளர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தமை தெரிந்தது. அதன் முன்னிலையில் உள்ளோரையும் கூட்டினால் ஐந்தில் ஒருவர். எனவே எமக்கு வேண்டுவது வெறும் மெலிவு அன்று. கொழுப்பு குறையத் தசை வளர்தலேயாம்.

அப்படியாயின் சோற்றைக் குறைப்பது ஏன் இத்துணைக் கடினமாயிருக்கின்றது? இதற்கும் வரலாறே விடை. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கை மக்கள் பங்கீட்டு அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பழகினர். 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடே ஹர்த்தாலில் எழுந்தது. பின்னர் போர்க்காலத்தில் எம் பகுதியினர் பட்டினியை மீண்டும் கண்டனர். இத்தகைய நினைவுகளைச் சுமந்த ஒரு தாய்க்கு, நிறைந்த கோப்பை என்பது அன்பின் அடையாளம், மானத்தின் அடையாளமுங்கூட. “சோறு போதும் அம்மா” என்று மகன் கூறும்போது அவள் முகம் வாடுவது இதனாலேயே. ஆதலால் கோப்பையை வெறுமையாக்குமாறு நாம் கூறவில்லை. அதில் உள்ளவற்றின் பங்கை மாற்றுமாறே கூறுகின்றோம்.

60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். தசை வளரவும் கொழுப்புக் குறையவும் விரும்பி உடற்பயிற்சி செய்பவனுக்கு, கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை, அதாவது நாளொன்றுக்கு 70 முதல் 95 கிராம் வரை புரதம் வேண்டும். காலையில் அவித்த கௌப்பி அல்லது பயறு ஒரு கோப்பையும் முட்டை இரண்டும் உண்டால் 25 கிராம் வரை கிடைக்கும். மதியம் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு 200 கிராம், வாவி மீனோ கடல் மீனோ 150 கிராம், பருப்புக் கறி, முருங்கையிலை வறை, வெள்ளரிக்காய் என்பன 40 கிராமைத் தரும். மாலையில் ஒரு கொய்யாப்பழமும் ஒரு பிடி கடலையும் போதும். இரவில் குரக்கன் உரொட்டி இரண்டு, பருப்பு, ஒரு கிண்ணம் எருமைத் தயிர். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 90 கிராம். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி உண்போர் மீனுக்கும் முட்டைக்கும் ஈடாகக் கடலை, சோயா, தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். பேணி மாவுக்கு இங்கு இடமே எழவில்லை.

கொழுப்புக் குறைவதற்கு நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை குறைந்தால் போதும். வழக்கமான சோற்றில் 200 கிராமைக் குறைத்தால் 260 கலோரி; மூன்று வேளைத் தேநீரில் சீனியை விடுத்தால் மேலும் 100 கலோரி அளவு. கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை இழக்க முயலல் தகாது. விரைந்து மெலிபவன் கொழுப்போடு தசையையும் இழப்பான். அன்றியும் தண்டால், பஸ்கி, பாரந்தூக்கல் போன்ற பயிற்சி கிழமைக்கு மூன்று நாளேனும் இன்றி, எவ்வுணவும் தசையாக மாறாது. பாட்டனாருக்கு அப்பயிற்சியை மண்வெட்டி தந்தது. எமக்கு நாமே தேடிக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் சிறுநீரக நோயுள்ளோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே உணவை மாற்றுதல் வேண்டும்.

எம் வீட்டில் இம்மாற்றம் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. தாயார் இப்பொழுதும் அகப்பையோடு அருகில் வந்து நிற்கின்றார். தந்தையாரும் யாமும் சோற்றை மறுத்து, “இன்னுங் கொஞ்சம் மீன் வையுங்கோ” என்கின்றோம். அவர் வைக்கின்றார், முகம் வாடுவதில்லை. கோப்பை நிறைந்தே இருக்கின்றது. அளவைக் கற்றோம், சோதனையையும் தொடங்கிவிட்டோம். மன்றத்து நண்பர்களும் தத்தம் வீட்டு அடுக்களையிலிருந்தே இதனைத் தொடங்குவார்களாக.